ஒரே பெயரில் நான்கு சரக்கு: சாத்தாவாரியை அறிந்து விற்போம்



ஞாயிற்றுக்கிழமை காலையில் பதுளைச் சந்தைக்குப் போய் "சாத்தாவாரி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கீரை விற்கும் பெண் முள்ளுக் கொடியின் இலைக்கட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். அதே பெயரை நாட்டு மருந்துக் கடையில் சொன்னால் காய்ந்த கிழங்கை நிறுத்துத் தருவார்கள். கல்யாண மண்டபம் சோடிக்கிறவரிடம் "அஸ்பரகஸ்" என்றால் பூச்செண்டுக்குள் வைக்கிற மெல்லிய பச்சைத் தழையைக் காட்டுவார். எல்ல பக்கத்து உல்லாச விடுதியின் சமையற்காரரிடம் அதே சொல்லைச் சொன்னால், பென்சில் பருமனில் இறப்பர் பட்டி போட்டுக் கட்டிய பச்சைத் தண்டைத்தான் அவர் நினைப்பார்.

நான்கும் அஸ்பராகஸ் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகள். ஆனால் நான்கும் ஒரே சரக்கு அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் 2011ஆம் ஆண்டில் நான் நட்டப்பட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பலசரக்குக் கடை. வாப்பாவின் காலத்திலிருந்தே ஒரு பக்கத்து இறாக்கையில் மருந்துச் சரக்கும் வைத்திருக்கிறோம். சாத்தாவாரிக் கிழங்கு மொணராகலைப் பக்கத்திலிருந்தும் ஹல்தும்முல்லைக்குக் கீழே உள்ள காய்ந்த மலைச்சரிவுகளிலிருந்தும் வரும். 2011 ஜனவரியில் மழை விடவே இல்லை. கிழங்கு தோண்ட ஒருவரும் போகவில்லை. கொழும்பில் சரக்கு எடுக்கிறவரோ தொலைபேசியில் நச்சரித்துக் கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் இரண்டு சாக்குப் பச்சைக் கிழங்குடன் கடைக்கு வந்தார். ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் பழைய பூப்பாத்திகளைக் கிளறிப் போட்டபோது கிடைத்ததாம். "அஸ்பரகஸ் கிழங்குதான் நானா, பங்களாத் தோட்டக்காரனே சொன்னான்" என்றார். வழக்கமான விலையில் பாதி கேட்டார். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, தண்ணீர் வடிந்தது. சந்தோஷமாக வாங்கிப் போட்டேன்.

காய வைத்தபோது அது உள்ளீடற்ற தோலாகச் சுருங்கியது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், கையில் இருந்த நல்ல சரக்கு ஐம்பது கிலோவுடன் சேர்த்து லொறியில் ஏற்றி அனுப்பினேன். நான்காம் நாள் எல்லாம் திரும்பி வந்தது. அங்கே தரம் பார்க்கிற வயதானவர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உருண்டையாக இருந்தவற்றை ஒரு பக்கமும் நீளமாக இருந்தவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்தாராம். கலந்த சரக்கைப் பொறுக்கிப் பிரிக்கத் தங்களுக்கு ஆள் இல்லை என்று முழுவதையும் தள்ளிவிட்டார்கள். நியாயம்தான்.

பணம் போனதை விட வேறொன்று என்னை உறுத்தியது. லொறி போவதற்கு முன் அதே கலவையில் கால் கிலோவை ஹாலிஎலப் பக்கத்து ஒருவருக்கு விற்றிருந்தேன். அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம். தாய்ப்பால் சுரக்க வேண்டும் என்று நம் பெண்கள் இந்தக் கிழங்கைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள். நான் வைத்தியன் அல்ல, அதன் குணத்தைப் பற்றி எழுத வரவில்லை. பிள்ளை பெற்ற ஒரு தாயின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது விற்ற எனக்கே தெரியவில்லை என்பதுதான் விஷயம். அன்று பின்னேரமே பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனேன். பாதி முடிந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதியை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டு உம்மா கோபப்படவில்லை. "நாங்க கெழங்கப் பாக்கல்ல நானா. ஒங்களப் பாத்துத்தானே வாங்கினோம்" என்றார். ஏசியிருந்தால் தேவலை போலிருந்தது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வியாபாரிக்கு உள்ளே ஈரம் இருப்பது தெரிந்திருந்தது. எனக்கோ உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் செடியைப் பார்க்கப் போனேன். இருபத்தைந்து வருடமாகக் கிழங்கை விற்றவன், கொடியை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் சொன்ன முதல் வார்த்தையே என்னைத் திகைக்க வைத்தது: "நீங்கள் இவ்வளவு காலமும் விற்ற இலை, இலையே இல்லை."

உண்மைதான். சாத்தாவாரியில் நாம் இலை என்று சொல்வது இலையின் வேலையைச் செய்கிற சிறு தண்டு. உண்மையான இலை எங்கே என்றால், அந்தப் பச்சைக் கொத்து முளைக்கும் அடியில் காய்ந்த செதில் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான். கொடியின் பெரிய தண்டுகளில் அந்தச் செதிலின் அடிப்பகுதி இறுகி முள்ளாகிவிடுகிறது. கையைக் குத்துகிற முள் இலையிலிருந்து வந்தது, கஞ்சிக்குப் போகிற இலை தண்டிலிருந்து வந்தது! அல்லாஹ்வின் படைப்பில் காரணமில்லாமல் ஒன்றும் இல்லை. அகன்ற இலை வெயிலில் தண்ணீரை இழக்கும். ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை அடிக்கிற காய்ந்த காற்று, தேயிலைக்கு மணத்தைக் கொடுக்கிற அதே காற்று, மற்றக் கொடிகளை வாட்டிவிடும். இந்தக் கொடியோ இலையைச் சுருக்கிக்கொண்டு, தண்ணீரை மண்ணுக்குள்ளே வேரில் சேமித்து வைக்கிறது. தமிழ்நாட்டில் இதற்குத் 'தண்ணீர்விட்டான் கிழங்கு' என்று பெயர். கிழங்கு என்று நாம் சொன்னாலும் அது தடித்த வேர்தான். ஒரே அடியிலிருந்து கொத்தாக இறங்கும். வடமொழியில் 'சதமூலி', அதாவது நூறு வேர் உள்ளது, என்று ஒரு பெயரும் உண்டு.

இனி ஆள் அடையாளம். நம் நாட்டில் சாத்தாவாரி என்றும் சிங்களத்தில் ஹாத்தாவாரிய என்றும் ஒரே பெயரில் குறைந்தது இரண்டு காட்டுக் கொடிகள் நடமாடுகின்றன. ஒன்று ஊசி போன்ற மெல்லிய இலை உடையது. இரண்டு முதல் ஆறு வரை ஒரு கொத்தாக, சற்று வளைந்து, ஒரு அங்குலத்துக்கு உட்பட்ட நீளத்தில் இருக்கும். விஞ்ஞானப் பெயர் அஸ்பராகஸ் ரசிமோசஸ். ஆயுர்வேத நூல்களில் சதாவரி என்று சொல்லப்படும் கிழங்கு இதனுடையது. மற்றது தட்டையான, அரிவாள் போல வளைந்த இலை உடையது. இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் நீளும், மரத்தில் பல அடி உயரம் ஏறும். இது அஸ்பராகஸ் ஃபல்கேட்டஸ். இலை அகலமாக இருப்பதால் கொலகெந்தக் கஞ்சிக்கு இடித்துச் சாறு எடுக்க இதைத்தான் பலரும் தேடுகிறார்கள். இதில் நமக்குப் பெருமைக்குரிய ஒரு செய்தியும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இங்கே மருத்துவராக இருந்த போல் ஹேர்மன் சேகரித்த செடிகளை வைத்து லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்த அரிவாள் இலைக் கொடிக்கு அவர் 1753இல் பெயர் வைத்தபோது அதன் ஊர் இலங்கை என்றே எழுதினார்.

இரண்டிலும் சிறிய வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும், நல்ல வாசனை இருக்கும். பிறகு மிளகு அளவில் காய் வந்து சிவப்பாகப் பழுக்கும். உள்ளே கறுத்த கடினமான விதை.

பங்களாப் பாத்தியிலிருந்து வந்து என்னைக் கெடுத்த கிழங்கு எது? தொட்டிகளில் தொங்கவிட்டு வளர்க்கிறார்களே, 'ஸ்பிரெஞ்சரி' என்று ஒரு அலங்காரச் செடி, அதுதான். அதன் ஊர் தென்னாபிரிக்கா. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து தோட்டத்துப் பங்களாக்களில் அலங்காரச் செடிகளுக்குக் குறைவே இல்லை. அதுவும் அஸ்பராகஸ் இனம்தான், ஆகவே தோட்டக்காரன் பொய் சொல்லவில்லை. அதுவும் வேரில் தண்ணீர் சேமிக்கும். ஆனால் அதன் கிழங்கு குட்டையாக, உருண்டையாக, நீண்ட மெல்லிய வேரில் மணி கோத்தது போல இடைவிட்டு இடைவிட்டு இருக்கும். சாத்தாவாரிக் கிழங்கு விரல் போல நீண்டு, இரண்டு முனையும் ஒடுங்கி, கொடியின் அடியிலிருந்தே கொத்தாக இறங்கும். நடுவில் நார் போன்ற நரம்பு ஒன்று ஓடும். நல்ல வியாபாரி கிழங்கைச் சற்று அவித்து, தோலை உரித்து, அந்த நரம்பை உருவிவிட்டுத்தான் காய வைப்பார். என் தராசில் பத்துக் கிலோ பச்சைக் கிழங்கு காய்ந்த பிறகு ஒரு கிலோவைச் சற்றுத்தான் தாண்டும். விலை பேசும்போது இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். விலையை நான் இங்கே எழுதவில்லை. பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் அது மாறிவிடும்.

ஆகவே, பொடியாகவோ துண்டாகவோ வருகிற சரக்கை அறிமுகமில்லாதவரிடம் வாங்காதீர்கள். முழுக் கிழங்காக, முடிந்தால் ஒரு முழம் கொடியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கொடியைப் பார்த்தால் ஏமாற இடமில்லை. பெயர்க் குழப்பம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. இந்தியாவில் 'சபேத் முஸ்லி' என்ற பெயரில் வேறொரு செடியின் வேரும் விற்கப்படுகிறது, அஸ்பராகஸ் இனத்துக் கிழங்கு ஒன்றும் விற்கப்படுகிறது. அங்கிருந்து இறக்குமதி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். செடிகளைச் சந்தேகமறப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஹல்தும்முல்லையில் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது.

பூச்செண்டுத் தழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்காரர்கள் இதை 'ஃபேர்ன்' என்று விற்கிறார்கள். ஃபேர்ன் என்பது பூக்காது, விதைக்காது. இது பூக்கும், விதைக்கும். மயிர் போல மெல்லிய தழை, தட்டுத் தட்டாக அடுக்கியது போல இருக்கும். அஸ்பராகஸ் செட்டேசியஸ் என்பது பெயர், இதுவும் தென்னாபிரிக்காக்காரன். வெட்டி வைத்தால் பல நாள் வாடாது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வீட்டுப் பின்புறத்திலேயே நன்றாக வரும். கல்யாண மாதங்களில் தட்டுப்பாடு வரும் சரக்கு இது. இந்த அலங்காரச் செடிகளின் பழத்தைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வயிற்றைக் கலக்கும்.

இப்போது பலரும் என்னிடம் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலாப் பயணிகள் எல்லவுக்கும் ஹப்புத்தளைக்கும் வருவதைப் பார்த்து, "விடுதிகளுக்கு அஸ்பரகஸ் மரக்கறி பயிரிட்டால் என்ன?" என்று இரண்டு மூன்று இளைஞர்கள் கேட்டார்கள். கைவிட்டுப்போன தேயிலைக் காணியைக் குத்தகைக்கு எடுக்கவும் ஒருவர் தயாராக இருந்தார். நான் அவரைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தேன்.

மரக்கறி அஸ்பரகஸ் வேறு செடி, அஸ்பராகஸ் ஒஃபிசினாலிஸ். கொடி அல்ல, நிமிர்ந்து நிற்கும். முள் கிடையாது, வேர் சதைப்பிடிப்பாகக் கயிறு போல ஓடும். நாம் சாப்பிடுவது மண்ணிலிருந்து கிளம்பும் இளம் முளை. அந்த முளையில் ஒட்டியிருக்கும் முக்கோணச் செதில்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் முன்னே சொன்ன உண்மையான இலை. வெள்ளை அஸ்பரகஸ் என்று டின்னில் வருவதும் அதே செடிதான். மண்ணை அணைத்து வெயில் படாமல் மூடி வளர்த்தால் பச்சை பிடிக்காது, அவ்வளவே.

விதை போட்டால் சரியான அறுவடைக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் தரும். வட்டிக்கு அஞ்சுகிற நமக்கு, கைக்காசைப் போட்டு மூன்று வருடம் காத்திருப்பது லேசான காரியம் அல்ல. இந்தச் செடியில் ஆண், பெண் வேறு வேறு. பெண் செடி பழத்துக்குப் பலத்தைச் செலவழிப்பதால் ஆண் செடியில்தான் விளைச்சல் அதிகம். ஆகவே விதை விற்கிறவர்கள் எல்லாம் ஆணாக வரும் கலப்பின விதையைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். குளிர் நாடுகளில் பனிக்காலம் செடியை உறங்க வைத்து, வசந்தத்தில் முளைகளை ஒன்றாகக் கிளப்பும். நமக்குப் பனிக்காலம் இல்லை. அப்படிப்பட்ட நாடுகளில் ஒவ்வொரு செடியிலும் மூன்று நான்கு தாய்த்தண்டை வளரவிட்டு, புதிதாக வரும் முளைகளை மட்டும் ஒடிக்கிறார்கள். தாய்வான், தாய்லாந்துக்காரர்களின் முறை இது.

எல்லாவற்றையும் விட மண் முக்கியம். தேயிலைக்கு அமில மண் வேண்டும். மரக்கறி அஸ்பரகஸுக்கு அது ஆகாது, நடுநிலைக்குக் கிட்டிய மண் வேண்டும். தேயிலைக் காணியில் நடுவதானால் டொலமைட் போட்டு மண்ணைத் திருத்த வேண்டியிருக்கும், தண்ணீரும் தேங்கக் கூடாது. மண்ணைப் பரிசோதிக்காமல் குத்தகை எழுத வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேட்கட்டும். உலகச் சந்தையைப் பற்றியும் சொன்னேன். அதிகம் விளைவிப்பது சீனா. ஏற்றுமதியில் பெயர் எடுத்தது பெரு நாடு. அமெரிக்கக் கண்டத்தில் இந்த இனத்துச் செடி ஒன்றுகூட இயற்கையில் இல்லை. அப்படியிருந்தும் பெருக்காரர்கள் கடலோரப் பாலைவனத்தில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்களோடு விலையில் போட்டியிட நம்மால் முடியாது. பறித்த அன்றே பக்கத்து விடுதிக்குக் கொடுப்பதில் மட்டும்தான் நமக்கு இடம் உண்டு. கால் ஏக்கரில் ஆரம்பிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அவருக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

என் கருத்தில், நம் மாகாணத்தில் கைக்கெட்டிய சரக்கு பழைய சாத்தாவாரிதான். ஆனால் கிழங்குக்காகக் காட்டுக் கொடியைத் தோண்டுவது வளராது. கிழங்கை எடுத்தால் கொடி போய்விடும். இலையை வெட்டினால் மறுபடி தழைக்கும். முன்பு வாரம் இரண்டு சாக்குக் கொண்டுவந்த ஆட்கள் இப்போது மாதத்துக்கு ஒன்று கொண்டுவருவதே அபூர்வம். இன்னும் உள்ளே, இன்னும் மேலே போக வேண்டியிருக்கிறது என்கிறார்கள். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம், வாங்குகிற நமக்கும் அதில் பங்கு உண்டு. மலைச்சரிவைத் தோண்டுவதைப் பற்றி ஊவாக்காரர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை இறங்கியதை நாம் பார்த்தவர்கள்.

வேலி ஓரத்தில் நட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. கிளிரிசிடியாக் கம்பில் ஏற்றிவிடலாம். தோட்டத்து லயன்களின் பின்னால் உள்ள சிறு துண்டு நிலத்திலும் வரும். விதை மெதுவாகத்தான் முளைக்கும், ஊற வைத்துப் போட வேண்டும். பழைய கொடியின் அடியைப் பிரித்து நட்டால் சீக்கிரம் பிடிக்கும். ஒன்றரை இரண்டு வருடத்தில் கிழங்கு எடுக்கலாம். எடுக்கும்போது கொத்தில் வெளிப்பக்கத்து வேர்களை மட்டும் எடுத்து, அடியை மறுபடி மண்ணுக்குள் வைத்துவிட்டால் கொடி பிழைத்துக்கொள்ளும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் ஐந்தாறு வருடமாக எங்கள் கடைக்கு இலைக்கட்டு கொண்டுவருகிறார். லயத்துக்குப் பின்னால் வேலியில் பன்னிரண்டு கொடி வைத்திருக்கிறார், எல்லாம் அகன்ற இலை. முள்ளை விலக்கி, இளசாக ஒடித்து, வாழை நாரால் கட்டி, விடிய முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஒன்பது மணிக்குள் கட்டெல்லாம் தீர்ந்துவிடும். கிழங்குத் தட்டுப்பாட்டில் ஒருமுறை அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "அம்மா, நாலு கொடியத் தோண்டித் தாங்களேன், நல்ல காசு தாறேன்." அவர் சிரித்துவிட்டு, "கெழங்கக் குடுத்துட்டா அடுத்த வாரம் நான் என்னத்தக் கொண்டாறது மொதலாளி?" என்றார்.

இப்போது எங்கள் இறாக்கையில் போத்தல்களில் மூன்று விதமாக எழுதி ஒட்டியிருக்கிறோம்: மெல்லிலைக் கிழங்கு, அகன்ற இலைக் கிழங்கு, எங்கிருந்து வந்தது என்ற விபரம். மூன்றாவது எழுத முடியாத சரக்கை வாங்குவதில்லை. கடைப் பின்புறத்தில் இரண்டு வகைக் கொடியையும் வைத்திருக்கிறேன். போன மாதம் அந்த அம்மா பழுத்த காய்கள் ஒரு கைப்பிடி கொண்டுவந்து தந்தார். கழுவி, விதையை நிழலில் காய வைத்திருக்கிறேன். வேலி ஓரத்தில் நட விரும்பும் சகோதரர்கள் பதுளைப் பக்கம் வரும்போது கேட்டு எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.